கும்பகோணத்து ராமானுஜனும் எதிர்பார்த்த பிழையும்

காவிரிக் கரையில் நெல் மட்டுமல்ல, கணக்கும் விளையும் என்று உலகத்துக்குக் காட்டியவர் சீனிவாச ராமானுஜன். அவர் வாழ்க்கையை எத்தனையோ மலர்களில் படித்திருப்பீர்கள். இந்தத் தடவை நம்ம கம்ப்யூட்டர் லேப் ஜன்னல் வழியா அதைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமே, நண்பர்களே!

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடை குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். பையன் படித்தது டவுன் ஹைஸ்கூலில்.

அந்தப் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் பாடம் நடத்த, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று இந்தப் பொடியன் எழுந்து கேட்டானாம்!

இதே கேள்வியைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் கேட்டுப் பாருங்கள். விடை வராது, 22012 என்ற பிழைக் குறியீடு வரும். பூஜ்யத்தால் வகுக்காதே என்று அதற்குப் பொருள். தானியங்கிச் சோதனை எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே இப்படி வகுக்கச் சொல்வார்கள். அங்கே பிழை வந்தால்தான் சோதனை பாஸ்! ஆனால் ஏதோ ஒரு பிழை வந்துடுச்சு, போதும்னு டிக் போட்டால் போச்சு. டேபிள் பெயரை நாமே தப்பாக டைப் அடித்திருந்தாலும் பிழைதான் வரும். அதன் குறியீடு 42பி01. ஒரே பதிவு எண்ணை இரண்டு மாணவர்களுக்குக் கொடுத்தால் 23505. மூன்றும் பிழைதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. எதிர்பார்த்த குறியீடுதானா என்று பார்க்காத சோதனை, பதரையும் நெல்லென்று அளந்து போடுகிற மரக்கால் மாதிரி.

ராமானுஜன் வாழ்க்கையில் அடி விழுந்ததும் இப்படித்தான். 1904-ல் கணிதப் பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் மூழ்கியவர் மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டார், உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, மறுவருஷமும் அதே கதை. உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. பெயில் என்ற ஒற்றைச் சொல்தான் ஊருக்குத் தெரிந்தது. எதில் பெயில் என்ற குறியீட்டை யாரும் வாசிக்கவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் ஜானகியோடு திருமணம். அதன் பிறகு நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்கினார்.

அவற்றைத் திறந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். ராமசாமி அய்யரும் ராமச்சந்திர ராவும் கைகொடுத்தார்கள். 1911-ல் முதல் கட்டுரை அச்சேறியது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அந்த வருஷக் கடைசியில், லண்டன் பேராசிரியர் ஹில் அவருடைய தாள்களைப் பார்த்தார். 1+2+3 என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று அதில் இருந்தது. யாராயிருந்தாலும் சிரிப்பார்கள்! ஹில் சிரிக்கவில்லை, எந்த இடத்தில் வழுக்கியிருக்கிறது, எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்து 1913 ஜனவரி 16-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி வரிவரியாகப் பிரித்தார்: இது முன்பே தெரிந்தது, இது புதியது, இதற்கு நிரூபணம் வேண்டும். சாதாரணக் கூட்டலில் தவறான அந்த மைனஸ் விடை, வேறொரு விதியின்கீழ் சரி என்பதும் புலப்பட்டது. பிழை என்று தள்ளுவதற்கு முன் எந்த விதியின்படி பிழை என்று கேட்டதால் நமக்கு ஒரு ராமானுஜன் மிஞ்சினார்.

1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். இங்கிலாந்தில் ஹார்டியோடு செய்த பெரிய வேலைகளில் ஒன்று எண் பிரிவினை. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதம்? மேக்மஹோன் என்பவர் கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 39,72,99,90,29,388. இருவரின் சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டியபோது, இதைவிட 0.004 மட்டும் கூடுதலாக வந்தது. விடை முழு எண். சூத்திரத்தில் சிறு பிசகு மிஞ்சும் என்பது முன்பே தெரியும். எவ்வளவு பிசகு, எதனால் என்று தெரிந்திருந்ததால் அந்த 0.004 தோல்வி ஆகவில்லை. சூத்திரத்துக்கு அதுவே சாட்சி ஆனது.

1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. எஃப்.ஏ. தேறாதவர் எஃப்.ஆர்.எஸ். ஆனார்! ஆனால் உடல் தாங்கவில்லை. 1919-ல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் மறைந்தார். அவர் வளர்ந்த வீடு இன்று நினைவில்லம். கும்பகோணம் போனால் அவசியம் பாருங்கள்.

ரிசல்ட் நாளில் நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லாமல் சோர்ந்து நிற்கும் தம்பி, தங்கைகளே! பெயில் என்பது பாதிச் செய்திதான். எதில், எதனால் என்ற மீதிப் பாதியை வாசியுங்கள். லேபில் சோதனை எழுதும்போதும் பிழை வந்ததா என்பதோடு நிற்காமல் எந்தப் பிழை என்று கேளுங்கள். அந்தப் பழக்கம் வந்தால் அரியரும் தீரும், புரோகிராமும் ஓடும்!