கற்காலத்திலிருந்து வந்ததா விக்கா? யார் இந்த ஜெரால்டு கார்ட்னர்?

இயற்கையைக் கும்பிடும் 'விக்கா' மதம் ஐரோப்பாவின் ஆதி முன்னோர்கிட்ட இருந்து வந்ததுன்னு பலர் நம்புறாங்க. ஆனால், அதை உலகறியச் செய்தவர் ஓர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி!

1884-ல் இங்கிலாந்தில் பிறந்தார் ஜெரால்டு கார்ட்னர். சின்ன வயதிலேயே ஆஸ்துமா. பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டம், மலாயாவில் ரப்பர், பிறகு சுங்கத் துறை என வேலை பார்த்து 1936-ல் ஓய்வு பெற்றார்.

1939-ல் ரகசிய சூனியக்காரர் குழு ஒன்றில் சேர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். 1951-ல் பிரிட்டனின் சூனியச் சட்டம் ரத்தாக, 1954-ல் புத்தகம் போட்டார். முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே. சூனியக்காரர்கள் என்று கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்பது மர்ரேயின் வாதம். விசாரணை ஆவணங்களை அலசிய வரலாற்றாசிரியர்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண கிறிஸ்தவர்கள். விக்கா 20-ம் நூற்றாண்டில் உருவானது.

1964-ல் கப்பல் பயணத்தில் இறந்த கார்ட்னர், துனிஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

புதுசு என்பதாலேயே ஒரு நம்பிக்கை பொய்யாகிவிடாதுதான். ஆனால், செய்யாத குற்றத்துக்காகச் செத்தவர்களை, அவர்கள் கும்பிடாத சாமிக்குப் பக்தர்களாக்குவது நியாயமா?