தனிவழி சென்ற துவிச்சக்கர வீரர்

இத்தாலி நாட்டின் வடமேற்கே பியேமொந்தே என்னும் மாநிலம் உளது. அம்மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், தொர்த்தோனா, நோவி லிகுரே என்னும் நகரங்களுக்கு அண்மையில், திராட்சைத் தோட்டங்கள் போர்த்த குன்றுகளின்மேல் கஸ்தெல்லானியா என்னும் சிற்றூர் அமைந்துளது. அங்கு வாழ்வோர் தொகை நூற்றை எட்டாது. குன்றுகளை வளைத்து ஏறியும் இறங்கியும் செல்லும் அப்பகுதிப் பாதைகளில் மோட்டார் வண்டிகளின் இரைச்சல் அரிது. ஆதலின், அமைதியை நாடித் துவிச்சக்கர வண்டியிற் சுற்றுலாச் செல்வோர் பலர் அங்கு வருகின்றனர். பாதையின் இனிமையோடு, அப்பாதைகளில் வண்டி மிதித்து வளர்ந்த ஒருவரின் நினைவும் அவர்களை ஈர்க்கின்றது. அவர் பெயர் பௌஸ்தோ கொப்பி. நம் மாணாக்கர் எழுதும் கொப்பிக்கும் இப்பெயருக்கும் ஒலியளவிலன்றி உறவில்லை. எனினும் பல பாடங்கள் எழுதப்பெற்ற வாழ்க்கை அவருடையது.

கொப்பி 1919ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் அவ்வூரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். குடும்பம் வறியது, பிள்ளைகள் ஐவர். பதின்மூன்று வயதளவிற் கல்வியை விடுத்து, நோவி லிகுரே நகரில் ஓர் இறைச்சிக் கடையிற் பணியாளாய் அமர்ந்தார். வாடிக்கையாளர் இல்லங்களுக்குப் பொருள்களைத் துவிச்சக்கர வண்டியிற் கொண்டு சேர்த்தலே அவர் தொழில். ஊருக்கும் நகருக்கும் இடையேயுள்ள மேட்டுப் பாதைகளும் அவர் வண்டியிற் கடந்தவையே. செல்வச் சிறுவர்க்கு விளையாட்டாய் இருந்த வண்டி அவருக்குப் பிழைப்பாயிற்று. அப்பிழைப்பே பிற்காலப் பெருமைக்கு வித்தாயிற்று.

அந்நகரிற் பியாஜோ கவன்னா என்னும் பெயருடைய, கண்பார்வை இழந்த ஒருவர் வாழ்ந்தார். வீரர்களின் உடலைப் பிடித்துவிட்டுப் பயிற்றுதல் அவர் தொழில். முன்னொரு காலத்திற் புகழ் பூத்திருந்த கொஸ்தாந்தே ஜிரார்தெங்கோ என்னும் வீரரையும் பேணியவர் அவரே. கண்ணாற் காணமாட்டாத அப்பெரியார், கையாற் றொட்டே இளைஞரின் ஆற்றலை அளந்தறிந்தார். நீண்ட கால்களும் ஒடுங்கிய தோள்களும் உடைய அம்மெலிந்த இளைஞரிடம் மறைந்து கிடந்த வன்மையை உணர்ந்து, உணவு, உறக்கம், உழைப்பு என்னும் மூன்றிலும் ஒழுங்கினைக் கற்பித்தார்.

1940ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் பெரும் போட்டியில், ஜீனோ பர்த்தாலி என்னும் பேர்பெற்ற வீரருக்குத் துணையோட்டக்காரராய்க் கொப்பி சேர்க்கப்பட்டார். தொடக்கத்திலேயே பர்த்தாலி வீழ்ந்து காயமுற்றார். அப்பெனீன் மலையைக் கடந்து மொதேனா நகருக்குச் செல்லும் நாளில், மழையினூடே தனித்து முன்னேறிய கொப்பி, தலைவனுக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார். துணையாய் வந்தவர் தலைவரானார்; தலைவராய் வந்தவர் அவருக்கு ஊக்கமளித்தார். ஜூன் 9ஆம் நாள் மிலான் நகரிற் போட்டி முடிவுற்றபோது இருபது வயதேயான கொப்பி வாகை சூடினார். அடுத்த நாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரிற் புகுந்தது.

போர் அவருடைய இளமையின் சிறந்த ஆண்டுகளை விழுங்கியது. 1942 நவம்பரில், மிலான் நகரின் ஓட்டத்திடலில், ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேற் சென்று உலக சாதனை நிலைநாட்டினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அதனை எவரும் முறியடித்திலர். ஆயினும் அடுத்த ஆண்டே தூனீசியாவிற் போர்வீரராய் இருந்தபோது பிரித்தானியப் படையினரிடம் சிறைப்பட்டார். 1945இல் விடுதலை பெற்று, கிடைத்த வண்டிகளில் இடம் பெற்றும், துவிச்சக்கர வண்டி மிதித்தும், இடிபாடு மலிந்த நாட்டினூடே தென்னிலத்தினின்றும் தம் ஊரை அடைந்தார்.

1946 மார்ச்சு மாதத்தில், மிலானிலிருந்து சான் ரேமோ என்னும் கடற்கரை நகருக்கு ஓடும் போட்டி நடைபெற்றது. ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வழியிற் கொப்பி தொடக்கத்திலேயே முந்திச் சென்றார். துர்க்கீனோ கணவாயைத் தனியே கடந்தார். அடுத்து வந்தவருக்கு 14 நிமிடம் முன்னதாக எல்லையை அடைந்தார். போரினாற் குலைந்த மக்கள் தம் நாடும் அவ்வாறே எழக்கூடும் என்று அவ்வெற்றியிற் கண்டு மகிழ்ந்தனர்.

1949இற் குனேயோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து மலைக்கணவாய்களைக் கடக்கும் 254 கிலோமீற்றர் ஓட்டத்தில், 192 கிலோமீற்றரைத் தன்னந்தனியே ஓடி முடித்தார். அக்காலத்து மலைப்பாதைகள் இன்றுள்ளன போலத் தார் பூசியவை அல்ல. புழுதியும் சேறும் பரல்களும் நிறைந்தவை. இரண்டாவதாக வந்த பர்த்தாலி ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் பிந்தினார். அவ்வாண்டு இத்தாலியச் சுற்றினையும் பிரான்சுச் சுற்றினையும் ஒருங்கே வென்ற முதல்வர் என்னும் பெயர் கொப்பிக்கு உரித்தாயிற்று. ஆக இத்தாலியச் சுற்றில் ஐந்து முறையும், பிரான்சுச் சுற்றில் இருமுறையும் அவர் வென்றார்.

இத்தாலி மக்கள் பர்த்தாலியின் பக்கத்தார் என்றும் கொப்பியின் பக்கத்தார் என்றும் இரு கூறாய்ப் பிரிந்து வாதாடினர். ஆயினும் 1952ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றில் எடுத்த ஒரு நிழற்படம் வேறொன்றைச் சொல்கின்றது. மலையேற்றத்தின் நடுவே இருவர் கைகளுக்கும் இடையில் ஒரு போத்தல் காணப்படுகின்றது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்னும் வழக்கு இன்றுவரை தீர்ந்திலது. பகைவர் எனப்பட்ட இருவர் தாகத்தைப் பகிர்ந்தனர் என்பதே அறியத்தக்கது.

வெற்றிகளினூடே துயரமும் தொடர்ந்தது. அவருடைய தம்பி செர்சேயும் ஒரு துவிச்சக்கர வீரரே. 1951 ஜூன் மாதத்தில் தூரின் நகரிற் போட்டியின்போது வீழ்ந்து தலையில் அடிபட்டு அவர் உயிர் துறந்தார். தம்பியை அடக்கஞ்செய்த சில நாள்களிற் பிரான்சுச் சுற்றிற் புகுந்த கொப்பி, வழியிற் சோர்ந்து பத்தாவதாகவே முடித்தார். எனினும் அடுத்த ஆண்டு அதே போட்டியை 28 நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். 1953இல், 2,758 மீற்றர் உயரமுள்ள ஸ்தெல்வியோக் கணவாய் இத்தாலியச் சுற்றில் முதன்முறை சேர்க்கப்பட்டபோது, பனிச்சுவர்களுக்கிடையே தனித்தேறி, சுவிற்சர்லாந்து வீரர் ஹூகோ கோப்லேயிடமிருந்து முதலிடத்தைக் கைப்பற்றினார். அவ்வாண்டே உலக வீரர் பட்டமும் பெற்றார்.

அதன்பின் அவர் இல்வாழ்க்கை பிளவுற்றது. மணமான வேறொரு பெண்மணியோடு அவர் வாழத் தொடங்கியமை நாடெங்கும் பழியாயிற்று. மணவிலக்குக்குச் சட்டம் இடந்தராத காலம் அது. பிறன்மனை நயத்தல் குற்றமாய் இருந்த காலமும் அதுவே. வழக்கு மன்றேறி, இருவரும் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். மணவிலக்குச் சட்டம் இத்தாலியில் 1970இலேயே வந்தது. அவர் செய்ததைச் சரியென்பார் சிலர், பிழையென்பார் பலர். கைகொட்டிய மக்களே கல்லெறிந்தனர் என்பதை மட்டும் இருசாராரும் மறுக்கார்.

1959 டிசெம்பரில், இன்று புர்க்கீனா பாசோ எனப்படும் ஆபிரிக்க நாட்டுக்கு, ஒரு காட்சிப் போட்டியின் பொருட்டும் வேட்டையின் பொருட்டும் கொப்பி சென்றார். பிரெஞ்சு வீரர் ரபாயெல் ஜெமினியானி அவருடன் ஒரே அறையில் உறங்கினார். நாடு திரும்பிய இருவரையும் கடுஞ்சுரம் பற்றியது. பிரான்சில் ஜெமினியானியின் குருதியை ஆய்ந்து மலேரியா எனக் கண்டு, கொயினா கொடுத்தனர், அவர் பிழைத்தார். அச்செய்தி தொலைபேசி வழியே இத்தாலிக்குத் தெரிவிக்கப்பட்டது என்பர். ஆனால் அங்குள்ள மருத்துவர்கள் தாம் கருதிய நோயையே உறுதியாய்ப் பற்றி நின்றனர். 1960 ஜனவரி 2ஆம் நாள் தொர்த்தோனா மருத்துவமனையிற் கொப்பி காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ஒரே அறையில் ஒரே நுளம்புக் கடிக்கு ஆளான ஜெமினியானி, 2024இல் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதிலேயே மறைந்தார்.

உடன்பிறந்தார் இருவரும் இன்று கஸ்தெல்லானியாவில் ஒருங்கே துயில்கின்றனர். 1965 முதல் இத்தாலியச் சுற்றின் மிக உயர்ந்த கணவாய் ஆண்டுதோறும் கொப்பிச் சிகரம் என வழங்கப்படுகின்றது. அவர் பிறந்த நூற்றாண்டான 2019இல் அவ்வூரும் தன் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்துக் கஸ்தெல்லானியா கொப்பி ஆயிற்று.

ஐந்து மலைகளைத் தனியே கடந்த வன்மையாளரை ஒரு நுளம்பு வீழ்த்தியது. நுளம்பினும் கொடிதாய், பிறர் சொல்லைச் செவிமடாத அறிவு அவரைக் கைவிட்டது. தனித்துச் செல்லுதல் வீரனுக்கு அழகாகலாம். அறிவுடையோர்க்கு அஃது அழகன்று. அயலான் கூறினும் உண்மையைக் கேட்டு ஏற்றலே அவர்க்கு அணியாகும். அக்குன்றுப் பாதைகளில் வண்டி மிதிப்போர் அவருடைய வெற்றிகளை எண்ணுங்கால், கொயினா பெற்றிருந்தாற் பெற்றிருக்கக்கூடிய எஞ்சிய ஆண்டுகளையும் எண்ணுதல் வேண்டும்.