மூணு வருஷ உழைப்புல ஒரு பைக்... வாங்கினதும் கழட்டிப் போட்ட ஜி.டி.நாயுடு!

ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர் பக்கம் போயிருக்கீங்களா? கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் புல்லட், மீட்டியார், சூப்பர் மீட்டியார்னு வரிசைகட்டிப் போகும். செங்கல்பட்டுப் பசங்க திருக்கழுக்குன்றம் வழியா வந்து இதே கூட்டத்துல சேர்ந்துக்குவாங்க. காலை முன்னால நீட்டி, முதுகை நிமிர்த்தி, நிதானமா போற க்ரூஸர் மேல உங்களுக்கும் ஒரு கண்ணு இருக்கும். போன்ல இ.எம்.ஐ கணக்குகூட போட்டுப் பார்த்திருப்பீங்க.

ஷோரூம் படி ஏறுறதுக்கு முன்னாடி, நூறு வருஷத்துக்கு முன்னால இதே ஆசையில தூக்கம் தொலைச்ச ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க. கோவை அவிநாசி சாலையில 2025-ல திறந்த 10.1 கி.மீ மேம்பாலத்துக்கு இவர் பெயரைத்தான் வெச்சிருக்காங்க. ஜி.டி.நாயுடு!

ஆசை வந்த கதை

1893 மார்ச் 23-ம் தேதி, கோவை மாவட்டம் சூலூர் பக்கத்துல இருக்கிற கலங்கல் கிராமத்துல ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. தொடக்கப் பள்ளியோட படிப்பு நின்னுபோச்சு. அப்பாவோட தோட்டத்துல வேலை.

அந்த ஊருக்கு ஒருநாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் தயாரான 'ரட்ஜ்' வண்டி. மாடும் இல்லாம, குதிரையும் இல்லாம தானா ஓடுற வண்டியைப் பார்த்தா யாருக்குத்தான் ஆச்சர்யமா இருக்காது? ஊரே வேடிக்கை பார்த்துட்டுக் கலைஞ்சு போயிருக்கும். துரைசாமிக்கு மட்டும், 'இது எப்படி ஓடுது?'ங்கிற கேள்வி மண்டையைக் குடைஞ்சது.

வாங்கணும்னா காசு வேணும். கோயம்புத்தூருக்குப் போனார். ஓட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூணு வருஷம் இலை போட்டு, பரிமாறி, காசு சேர்த்தார். கடைசியில 300 ரூபாய் கொடுத்து அந்த அதிகாரிகிட்ட இருந்தே வண்டியை வாங்கினார்னு சொல்வாங்க.

இப்போ ஒரு நிமிஷம் யோசிங்க. மூணு வருஷம் உழைச்சு வாங்கின வண்டியை நீங்க என்ன பண்ணுவீங்க? நாலு போட்டோ, ஒரு ரீல்ஸ், ஒரு லாங் ரைடு? அவர் வண்டியை அக்குவேறா ஆணிவேறா கழட்டிப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியலைன்னா மொத்தச் சேமிப்பும் பழைய இரும்புதான். ஆனா, மாட்டினார். ஓடவும் வெச்சார். மெக்கானிக் ஜி.டி.நாயுடு பிறந்தது அங்கேதான்.

ரெண்டு சக்கரத்திலிருந்து பஸ்ஸுக்கு

அதுக்கப்புறம் எல்லாமே ஏறுமுகம்னு நினைக்காதீங்க. பம்பாய் போய் பஞ்சு வியாபாரம் செஞ்சார், நஷ்டம். ஊருக்குத் திரும்பினார். கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி-பழனி ரூட்ல அவரே டிரைவர். அந்த ஒரு பஸ்தான், சில வருஷங்களில் யு.எம்.எஸ் என்கிற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. இன்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு முதலாளிக்கே தெரிஞ்ச கம்பெனி அது!

அடுத்தடுத்து கைவைத்த இடமெல்லாம் மெஷின்தான். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி எனப் பட்டியல் நீளும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். மோட்டார், பம்ப்செட்டுன்னாலே கோவைதான்னு இன்னைக்கு நாம சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கவும் காரணமாக இருந்தார். கோவையில 'ஹோப் காலேஜ்' பஸ் ஸ்டாப்ல இறங்கியிருந்தா, அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரிஞ்சிருக்கும். தானே கழட்டி மாட்டிக் கத்துக்கிட்டவர் என்பதால், தொழில் படிப்புக்கு வருஷக்கணக்கா வகுப்பில் உட்கார வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

தோல்வியும் கூடவே வந்தது. 1952-ல் ரெண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனா, தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரலை. சாமானியனுக்கு எட்டியிருக்க வேண்டிய அந்தக் கார் ரோட்டுக்கு வராமலே போச்சு. 1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு மறைந்தார்.

உங்க வண்டிக்கு வருவோம்

அவருக்கு வண்டி இங்கிலாந்திலிருந்து வரணும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கிற ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து கொஞ்ச தூரம்தான். சேமிச்சு முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், லோன் இருக்கு. எல்லாம் சுலபமாகிடுச்சு, வண்டியைத் தெரிஞ்சுக்கிறதைத் தவிர.

அவசரப்பட்டு ஸ்பேனரைத் தூக்கிடாதீங்க. புது வண்டியோட இன்ஜினை நீங்களே பிரிச்சா வாரன்ட்டி போயிடும்! ஆனா, இந்தக் கடற்கரையில ஓட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. உப்புக்காத்து செயினையும் போல்ட்டையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். ரைடு முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவி, செயினைத் துடைச்சு லூப் போடக் கத்துக்கோங்க. டயர்ல காத்து எவ்வளவு இருக்கணும், பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கான்னு பார்க்கத் தெரியணும். மீட்டியார் 350 எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 எடை 241 கிலோ. இவ்வளவு கனமான வண்டியை மணல் படிஞ்ச திருப்பத்தில் நிறுத்துறது அந்தச் சின்ன பிரேக் பேடுதான். கல்பாக்கம் தாண்டி வண்டி நின்னுபோச்சுன்னா, என்ன கோளாறுன்னு போன்ல மெக்கானிக்குக்குச் சொல்லவாவது தெரிஞ்சிருக்கணும்.

முதல் சர்வீஸுக்கு வண்டியை விட்டுட்டு வந்துடாதீங்க. பக்கத்துலயே நின்னு, எது எதுக்குன்னு கேளுங்க. 'இது எப்படி ஓடுது?'ன்னு ஒரு சர்வர் பையன் கேட்ட அதே கேள்விதான். அதைக் கேட்க மூணு வருஷம் காசு சேர்க்க வேண்டியதில்லை பாஸ்!