பக்கத்து ஊர்ப் பாட்டுக்காரர்

ராக் கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, 2007 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டன்ல நடந்த லெட் செப்பலின் கச்சேரி பத்தித் தெரிஞ்சிருக்கும். அந்தக் குழுவோட டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் 1980-ல இறந்ததும் குழுவே கலைஞ்சு போச்சு. 27 வருஷம் கழிச்சு அதே பாட்டுகளுக்கு அன்னைக்கு டிரம்ஸ் வாசிச்சவர் அவரோட மகன் ஜேசன். பிறகு அப்பாவோட பாட்டுகளை எடுத்துக்கிட்டு சொந்தக் குழுவோட ஊர் ஊரா டூர் போனார். ஃபிராங்க் ஜாப்பாவோட மகன் ட்வீஸில் 2006-லயே இப்படி ஒரு டூரைத் தொடங்கியிருந்தார்.

இவங்களுக்கு ஒரு வசதி உண்டு. அப்பாக்களோட ரெக்கார்டு இருக்கு. மகன் வாசிக்கிறது அப்பா மாதிரி இருக்கா, இல்லையான்னு நீங்களே போட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கலாம். ரெக்கார்டு என்கிற பொருளே உலகத்துல இல்லாத காலத்துல ஒரு பெரிய குரல் போய்ட்டா என்ன ஆகும்? சொந்தக்காரங்க எதைக் காப்பாத்த முடியும், எது அவங்க கைக்கும் சிக்காது?

இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு வாழ்க்கை இருக்கு. ஜெயங்கொண்டத்துல இருந்து அரியலூர் பஸ்ல ஏறினா சீக்கிரமே உடையார்பாளையம் வந்துடும். நம்மில் பாதிப் பேருக்கு அது ஜன்னல் வழியா பார்க்கிற ஒரு ஸ்டாப், அவ்வளவுதான். அந்த ஊர் ஜமீன்ல பாடிக்கிட்டு இருந்தவர்தான் கனம் கிருஷ்ணையர்.

முதல்ல அந்தப் பேர். மனுவுல கனம் கோர்ட்டார் அவர்கள்னு எழுதறாங்களே, அந்த மரியாதைக் கனம் இது இல்ல. அந்தக் காலத்துல பாடற முறையை கனம், நயம், தேசிகம்னு மூணா பிரிச்சு வெச்சிருந்தாங்க. அதுல கனம்தான் ரொம்பக் கஷ்டம். தொண்டையால பாடினா போதாது, அடிவயித்துல இருந்து குரல் எழும்பணும், அதுவும் சுருதி விலகாம. நல்ல உடம்பு வலுவும் விடாத சாதகமும் இல்லாம அந்தப் பக்கமே போக முடியாது. மைக் இல்ல, ஆம்ப்ளிஃபயர் இல்ல. அரண்மனை மண்டபத்தோட கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டிய சத்தம் முழுக்க ஒரு மனுஷன் உடம்புக்குள்ள இருந்து வரணும். யோசிச்சுப் பாருங்க.

கிருஷ்ணையர் பிறந்ததும் நம்ம வட்டாரம்தான். அரியலூர் பக்கம் இருக்கிற பெரிய திருக்குன்றம். அப்போ இதெல்லாம் திருச்சி மாவட்டம். அவர் காலத்தை 1790-ல இருந்து 1854 வரைன்னு பொதுவா குறிப்பிடறாங்க. வீட்டுலயே சங்கீதம் இருந்தது. பிறகு தஞ்சாவூர் போய் பச்சிமிரியம் ஆதியப்பையாகிட்ட கத்துக்கிட்டார். பாட்டு படிக்கிறவங்க பைரவி ராகத்துல விரிபோணின்னு ஒரு வர்ணம் பாடறதைக் கேட்டிருப்பீங்க. அதை இயற்றியவர்தான் ஆதியப்பையா. சியாமா சாஸ்திரிகளுக்கும் அவர்தான் குரு. இதைவிடப் பெரிய இடத்துல அட்மிஷன் கிடைக்காது.

தஞ்சாவூர் அரண்மனையில வித்துவான்களுக்குப் பஞ்சமில்ல. அப்போ ஆந்திரப் பக்கம் பொப்பிலியில இருந்து கேசவையான்னு ஒருத்தர் வந்தார். அவர் கன மார்க்கத்துல பாடினதும் சபையே ஆடிப் போச்சு. இதைக் கத்துக்கிட்டுப் பாட நம்மகிட்ட யாராவது இருக்காங்களான்னு ராஜா விசாரிச்சார். பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் தயங்கினாங்க. அதுல தப்பும் இல்ல. பேர் வாங்கி உட்கார்ந்த பிறகு முதல் வகுப்புல இருந்து மறுபடியும் ஆரம்பிக்க யாருக்கு மனசு வரும்? முன்வந்தவர் கிருஷ்ணையர்.

கேசவையாகிட்ட வழியைக் கேட்டுக்கிட்டு, கும்பகோணம் பக்கம் இருக்கிற கபிஸ்தலத்துக்குப் போனார். அங்கே இராமபத்திர மூப்பனார் ஆதரவு கொடுத்தார். கிருஷ்ணையர் செஞ்ச வேலை சாதகம் மட்டும்தான். திரும்பி வந்து சபையில கன மார்க்கத்துல பாடிக் காட்டினார். அன்னையில இருந்து பேருக்கு முன்னாடி கனம் ஒட்டிக்கிச்சு. அவருக்கு ரொம்ப முன்னாடி மதுரை நாயக்கர் காலத்துல கனம் சீனய்யான்னு ஒருத்தர் இருந்திருக்கார். இப்படிப் பேர் வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

இத்தனை பேர் வாங்கின மனுஷன் தஞ்சாவூர்லயே கடைசி வரை உட்காரல. மராட்டிய அரச குடும்பத்து அமரசிம்மர் வழியினர் இருந்த திருவிடைமருதூர் அரண்மனையில கொஞ்ச காலம் இருந்தார். நந்தனார் சரித்திரம் எழுதின கோபாலகிருஷ்ண பாரதி இவரோட பாட்டைக் கேட்டு மனசைக் கொடுத்தது அங்கேதான். அப்புறம் உடையார்பாளையம். ஜமீன்தார் கச்சிக் கல்யாணரங்கர் இவரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டார். சம்பளக்காரர், முதலாளின்னு இல்லாம, கோபமும் சமாதானமும் கலந்த நட்பு அது. ஜமீன்தார் மேல வருத்தம்னா நேர்ல சண்டை போட மாட்டார் கிருஷ்ணையர். தலைவனைப் பிரிஞ்ச தலைவி புலம்புற மாதிரி ஒரு பதம் கட்டிப் பாடிடுவார். கேட்கிறவருக்கு யாரைச் சொல்றாங்கன்னு புரிஞ்சுடும். இந்த டெக்னிக் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு கவனிங்க. அன்னைக்கு அரண்மனைச் சங்கீதத்துல தெலுங்குதான் ராஜா. அந்தச் சூழல்ல வளர்ந்தவர் பாட்டு கட்டினது தமிழ்ல. வேலவர், முத்துக்குமரன்னு முருகனைத் தலைவனா வெச்ச பதங்கள் நிறைய. திருவையாறு போய் தியாகராஜரைப் பார்த்தார், அவர் அடாணா ராகத்துல பாடிக்கிட்டு இருக்கிறதைக் கேட்டு, அதே ராகத்துல அங்கேயே தமிழ்ல ஒரு பாட்டு கட்டிப் பாடினார்னு ஒரு கதை வழிவழியா சொல்றாங்க. தெலுங்குல உச்சத்துல இருக்கிற ஒருத்தர் முன்னாடி தமிழ்ல பாடற தைரியத்துக்காகவே அந்தக் கதையை நம்பலாம்னு தோணுது.

இப்போ சொந்தக்காரங்க கதைக்கு வருவோம். உடையார்பாளையத்துல கிருஷ்ணையர்கூட இருந்து பாட்டு கத்துக்கிட்டவர் வேங்கடசுப்பையர். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர், நெருங்கின உறவு. குரு போன பிறகு இவருக்கு அரண்மனை இல்ல, நிலையான வருமானமும் இல்ல. என்ன செஞ்சார்? மூட்டையைக் கட்டிக்கிட்டு அரியலூர், குன்னம், கார்குடி, பெரம்பலூர் பக்கம்னு ஊர் ஊரா போனார். இராமாயணக் கதை சொல்லுவார், நடுநடுவுல பாடுவார். அருணாசலக் கவிராயரோட இராம நாடகக் கீர்த்தனைகள் ஒரு பக்கம், குருவோட பாட்டுகள் இன்னொரு பக்கம். ஊர்க்காரங்க சேர்ந்து சாப்பாட்டுக்கு வழி செய்வாங்க. கதை முடிஞ்சா அடுத்த ஊர். நாம இன்னைக்கு காலேஜுக்கு வந்துபோற ரூட்டு மேப்பும் அவரோட டூர் மேப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். போஸ்டரும் டிக்கெட்டும்தான் கிடையாது.

அவர்கூடவே பின்பாட்டு பாடிக்கிட்டு ஒரு பையனும் போனான். 1855-ல பிறந்த பையன், அதாவது கிருஷ்ணையர் இறந்ததுக்கு அடுத்த வருஷம். மகனைப் பெரிய சங்கீத வித்துவானா ஆக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. ஆனா அந்தப் பையன் அரியலூர்ல சடகோபையங்கார்கிட்ட தமிழ் ருசியைக் கண்டுபிடிச்சுட்டான். பிறகு போற ஊர்ல எல்லாம் யார்கிட்ட தமிழ் படிக்கலாம்னுதான் தேடினான். 1871-ல மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட மாணவனா சேர்ந்தான். அங்கேயும் சங்கீதம் விடல. அதே ஊர்ல வயசான கோபாலகிருஷ்ண பாரதி இருந்தார். கிருஷ்ணையரோட சொந்தம்னு தெரிஞ்சதும் பையன் மேல அவருக்குத் தனிப் பிரியம், பாட்டும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்கு மாணவன் சங்கீதத்துல நேரம் செலவழிக்கிறது பிடிக்காததால அது பாதியிலயே நின்னு போச்சு.

பையன் யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடிகளைத் தேடி எடுத்து சங்க இலக்கியத்தை அச்சுல கொண்டு வந்தவர். 80 வயசைத் தாண்டின பிறகு, 1936-ல, கனம் கிருஷ்ணையர்ங்கிற பேர்லயே ஒரு புத்தகம் போட்டார். தாத்தா முறை ஆகிற ஒருத்தரோட வாழ்க்கை, கூடவே அவர் பாட்டுகள். சின்ன வயசுல அப்பா வாயால கேட்டதும், பெரியவங்க சொன்னதும்தான் மூலம். அந்தக் குரலை அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. கேட்காத குரலுக்காக அந்த வயசுல உட்கார்ந்து எழுதியிருக்கார்.

ஜேசன் போனமுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இங்கேதான். பாட்டு வந்து சேர்ந்தது, ராகம் தாளம் வந்தது, எந்தப் பாட்டு எந்தக் கோபத்துல பிறந்ததுங்கிற கதைகூட வந்தது. கன மார்க்கம் வரல. அது உடம்புல இருந்த வித்தை. கபிஸ்தலத்துல அவர் தனியா உட்கார்ந்து சம்பாதிச்சதை ஏட்டுல எழுதி வைக்க வழி இல்ல. இன்னைக்குக் கச்சேரியில கன மார்க்கம்னு தனியா யாரும் பாடறதில்ல.

யூடியூப்ல பைரவி ராகத்துல வேலவரேன்னு தொடங்கற அவரோட பதத்தைத் தேடிக் கேளுங்க. நாட்டியத்துக்கும் அதைப் பாடறாங்க. ரொம்ப நிதானமா, கிட்டத்தட்ட ரகசியம் பேசற மாதிரி போகும். ஹெட்ஃபோன்ல கேட்டா இன்னும் மெதுவா இருக்கும். அரண்மனை மண்டபத்தை நிறைச்ச ஆளோட பாட்டுதான் அது.