புடவைக்குள் வந்த பாவாடை

காலை எட்டரை மணிக்குச் செம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் சற்று நின்று பாருங்கள். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் போகிற கூட்டத்தில் சூடிதார்தான் அதிகம். ஆனாலும் பள்ளி ஆசிரியைகள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் என்று புடவைக்காரர்களுக்கும் குறைவில்லை. தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுக் கூடை. பஸ் வந்ததும் மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுகிறார்கள். புடவை நழுவுவதில்லை. காரணம், உள்ளே இருக்கிற பாவாடை. இடுப்பில் நாடா போட்டு இறுக்கிய அந்தப் பாவாடையில்தான் கொசுவம் செருகி நிற்கிறது. கடையில் புடவை நிறத்துக்கு ஒத்துப் பார்த்து வாங்குவதோடு அதன் நினைப்பு முடிந்துவிடுகிறது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

நம் கொள்ளுப் பாட்டிமார்களுக்கு உள்பாவாடை தெரியாது. பதினெட்டு முழ மடிசாருக்கும் பின்கொசுவக் கட்டுக்கும் அது தேவைப்படவில்லை. பாவாடை என்றால் சிறுமிகள் உடுத்துவது. பெரியவளானால் மேலே தாவணி சேரும். கல்யாணம் ஆனால் பாவாடைக்கே விடை கொடுத்துவிட வேண்டியதுதான். கல்யாணமான பெண்கள் உள்ளே பாவாடை கட்டி, ரவிக்கை அணிந்து, அதன்மேல் புடவை உடுத்தும் முறைக்கு வழிகாட்டியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஒரு வங்காளப் பெண்மணி. கவி ரவீந்திரநாத தாகூரின் அண்ணி. பெயர் ஞானதானந்தினி தேவி.

இவர் 1850-ல் ஜெஸ்ஸோர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பால்யத்திலேயே விவாகம். கல்கத்தாவில் ஜோராசங்கோ என்ற இடத்தில் தாகூர் குடும்பத்தின் பெரிய மாளிகை. மகரிஷி தேவேந்திரநாதரின் இரண்டாவது மகன் சத்தியேந்திரநாதர்தான் கணவர். செல்வத்துக்கும் படிப்புக்கும் பேர்போன வீடு. ஆனால் பெண்கள் அந்தப்புரத்தைத் தாண்டக் கூடாது. கங்கா ஸ்நானம் செய்ய ஆசைப்பட்டால் மூடுபல்லக்கில் வைத்துத் தூக்கிப் போய், பல்லக்கோடு ஆற்றில் முக்கி எடுப்பார்களாம்! அந்தப்புரத்துப் பெண்களுக்கு உடை ஒரே ஒரு மெல்லிய புடவை. ரவிக்கை கிடையாது, உள்ளே வேறு ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் இருக்கிறவரை அதில் குறையில்லை. வாசற்படி தாண்ட வேண்டும் என்றால்தான் சங்கடம். பெண் வெளியே வராததால் வெளி உடை இல்லை; வெளி உடை இல்லாததால் பெண் வெளியே வர முடியவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஞானதானந்தினி.

சத்தியேந்திரநாதர் 1862-ல் சீமைக்குப் போனார். மறு வருஷம் ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். மனைவியையும் அங்கே அழைத்துக்கொள்ள விரும்பினார், தகப்பனார் சம்மதிக்கவில்லை. 1864-ல் திரும்பி வந்தவருக்குப் பம்பாய் மாகாணத்தில் உத்தியோகம் கிடைத்தது. இந்தத் தடவை மனைவி கூடவே புறப்பட வேண்டியதுதான் என்று ஆயிற்று. எதை உடுத்திக்கொண்டு கப்பல் ஏறுவது?

பிரெஞ்சுத் தையற்கடையில் ஓர் உடை தைக்கக் கொடுத்தார்கள். கீழ்நாட்டு உடை என்று அந்தத் தையற்காரர் மனசில் இருந்ததெல்லாம் அதில் வந்து சேர்ந்தது. தானாக உடுத்திக்கொள்ளவே முடியவில்லை. கணவர் உதவி செய்ய வேண்டியிருந்தது! அந்தக் கோலத்தோடும் வாசல் வரை நடந்து வண்டி ஏற அனுமதி இல்லை. பல்லக்கில்தான் கப்பலுக்குப் போனார்.

பம்பாயில் அவர்கள் முதலில் தங்கியது மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவானின் வீட்டில். பெண்கல்விக்குப் பாடுபட்ட மனிதர் அவர். அவருடைய பெண்கள் படித்தவர்கள். விருந்தாளிகளோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறவர்கள். அவர்கள் புடவை உடுத்தும் விதத்தைப் பதினாலு வயசுப் பெண் கூர்ந்து பார்த்தார். பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பார்சிப் பெண்கள் தலைப்பை வலது தோளில் போடுவார்கள்; இவர் அதை இடது தோளுக்கு மாற்றினார். வலது கை வேலைக்கு ஓய்ந்தது. உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை, காலில் ஜோடு. பிரெஞ்சுக் கடையின் மூட்டை எந்த மூலைக்குப் போயிற்றோ!

இரண்டு வருஷம் கழித்துக் கல்கத்தா திரும்பியபோது அவர் வண்டியிலிருந்து வாசலில் இறங்கி நடந்தே உள்ளே வந்தார். வீடே கலங்கிவிட்டது. அதே 1866-ல் கவர்னர் ஜெனரல் லாரன்ஸ் பிரபுவின் மாளிகை விருந்துக்கும் போனார். சிலர் அவரைப் போபால் பேகம் என்றே எண்ணிவிட்டார்களாம். இந்திய ஸ்திரீகளில் அப்படி வெளியே வரக்கூடியவர் அவர் ஒருவர்தானே! விருந்துக்கு வந்திருந்த உறவினர் பிரசன்னகுமார தாகூரோ, தம் குலத்து மருமகளை அந்தச் சபையில் கண்டதும் வெட்கம் தாளாமல் வெளியேறினார்.

ஆனால் புது உடை நிலைத்தது. பிரம்ம சமாஜப் பெண்கள் முதலில் ஏற்றார்கள். அதனால் அதற்குப் 'பிரம்மிகா' புடவை என்றே பெயர் வந்தது. உள்பாவாடையை வங்காளிகள் 'சாயா' என்கிறார்கள். டீக்கடைச் சாயா அல்ல; போர்த்துகீசிய மொழியில் பாவாடைக்கு உள்ள பெயர் அது. இந்த முறையை அவர் ஒருவரே நாடெங்கும் பரப்பினார் என்று சொல்வது மிகை. பின்னால் வந்தவர்கள் கொசுவத்தையும் தலைப்பையும் மாற்றி மாற்றித்தான் இன்றைய கட்டு உண்டாயிற்று.

1877-ல் அவர் செய்த காரியம் இதைவிடப் பெரிது. மூன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு, வயிற்றில் நாலாவதோடு, கணவர் துணையில்லாமல் சீமைக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் அவரை வரவேற்று இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? விருந்திலிருந்து வெளியேறிய பிரசன்னகுமாரரின் மகன் ஞானேந்திரமோகன்! மதம் மாறி அங்கே குடியேறியிருந்தவர் அவர். இரும்பு வளையம் வைத்த குடைப் பாவாடையெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. ஆங்கிலச் சீமாட்டிகளின் பாவாடை உட்புறம் நாடாக்களால் பின்னுக்கு இழுத்துக் கட்டப்பட்டு, காலை எட்டி வைக்க முடியாதபடி ஒடுங்கியிருந்தது. புடவை கட்டிய பெண் அவர்களைவிடச் சுலபமாக நடந்திருப்பார்.

அந்தப் பிரயாணம் துக்கத்தையும் தந்தது. அங்கே பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. கடைக்குட்டி மகனும் அந்நிய மண்ணிலேயே போய்விட்டான். மறு வருஷம் கணவர் வந்து சேர்ந்தார், கூடவே பதினேழு வயசுக் கொழுந்தன் ரவீந்திரனும். 1880-ல் எல்லாரும் ஊர் திரும்பினார்கள்.

1885-ல் அம்மையார் 'பாலக்' என்ற குழந்தைப் பத்திரிகையைத் தொடங்கினார். ரவீந்திரரின் 'ராஜரிஷி' நாவல் அதில்தான் வெளிவரத் தொடங்கியது. மகள் இந்திரா 1892-ல் பி.ஏ. தேறினார். பிற்காலத்தில் சாந்திநிகேதனத்து விசுவபாரதி சர்வகலாசாலையில் உபவேந்தர் பொறுப்பையும் சில காலம் வகித்தார்.

சத்தியேந்திரநாதர் 1923-ல் காலமானார். 1941 ஆகஸ்டில் ரவீந்திரர் மறைந்தார். அதே வருஷம் அக்டோபரில், தொண்ணூற்றொன்றாவது வயதில், அண்ணியும் போய்ச் சேர்ந்தார்.