சோளக்கொல்லையில் ஒரு மூக்குக் கண்ணாடி



அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்றொரு சிற்றூர் உண்டு. அதற்கு வடக்கே, சோளக்கொல்லை ஓரத்தில், மிகப் பெரிய கறுப்பு மூக்குக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. கண்ணாடிக் கடை விளம்பரமோ என்று நினைத்துவிடாதீர்கள். அது பட்டி ஹாலி என்ற பாடகரின் நினைவிடத்துக்கு வழிகாட்டும் சின்னம்.

ஹாலி 1936 செப்டம்பர் 7ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்து லபக் நகரில் பிறந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. கண்பார்வையோ ரொம்பக் குறைவு. மேடைப் பாடகனுக்குக் கண்ணாடி எடுக்காது என்று பலரும் எண்ணிய காலம் அது. அவரோ பிறகு தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியையே அணிந்து மேடை ஏறினார்.

1956இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பாட வைத்தது. தட்டுகள் விலைபோகவில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. அங்கே பாடியும் வெளிவராமல் கிடந்த ஒரு பாட்டை, 1957இல் நியூ மெக்சிகோவின் குளோவிஸ் ஊரில் தம் கிரிக்கெட்ஸ் குழுவினரோடு மீண்டும் பதிவு செய்தார். அதே ஆண்டு அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது! பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவினர், பெயர் வைப்பதில்கூட அந்தக் 'கிரிக்கெட்'டுகளை மனத்தில் கொண்டார்கள்.

1959 குளிர்காலத்தில் ஊர் ஊராகக் கச்சேரி. பஸ்ஸில் சூடேற்றும் கருவி கெட்டுப்போயிற்று. டிரம் வாசித்தவர் கால்கள் பனியில் விறைத்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். பிப்ரவரி 2இல் கிளியர் லேக்கில் பாடி முடித்த ஹாலி, அடுத்த ஊருக்குச் சீக்கிரம் போய்க் கொஞ்சம் இளைப்பாறலாமே என்று சிறு விமானம் ஒன்றை அமர்த்தினார். நள்ளிரவுக்குப் பின் கிளம்பிய சில நிமிடங்களிலேயே அது வயலில் விழுந்தது. ஹாலியும், ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் என்ற பாடகர் இருவரும், விமானியும் மாண்டனர். ஹாலிக்கு வயது 22, வேலன்ஸுக்கோ 17தான்!

பனி உருகியதும் வயலில் அவருடைய கண்ணாடி கிடைத்தது. அரசு அலுவலகத்தில் உறைக்குள் கிடந்து 1980இல்தான் வெளியே வந்தது.

பெரிய கண்ணாடியிலிருந்து வேலியோரமாக அரை மைல் நடந்தால், விமானம் விழுந்த இடம் வரும். 1988இல் எவர்சில்வரில் செய்து வைத்த கித்தாரும் மூன்று இசைத்தட்டுகளும் அங்கே இருக்கின்றன. வருவோர் மலரோடு பழைய கண்ணாடிகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கண்ணாடி போட்டதற்காக வகுப்பில் கூனிக் குறுகும் தம்பி, தங்கைகளே! இந்த ஆண்டு பரிசு கிடைக்கலையே என்று ஏங்குவோரே! குறை என்று ஊரார் சொன்னதுதான் இன்று ஹாலியின் இடத்துக்கு வழி காட்டி நிற்கிறது. ஒதுக்கப்பட்ட பாட்டுத்தான் முதலிடம் பெற்றது. மனம் தளராதீர்கள், மறுபடியும் பாடுங்கள்!