தூண்டில் நூல் தந்த மன்னன்

நுழையும்முன்

போரில் வென்ற மன்னர்களின் வரலாற்றைப் பலரும் அறிவர். ஆற்றங்கரையில் தூண்டிலிட்டு அமர்ந்து, அந்தப் பொறுமையையும் நூலாக்கிய மன்னன் ஒருவனின் வரலாறு இது. அவன் கன்னட நாட்டை ஆண்டவன். சோழரோடு உறவும் பகையும் கொண்ட குடியில் பிறந்தவன்.

மீன் கடையும் ஒரு கேள்வியும்

பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள ரசல் சந்தைக்குச் சென்றவர்கள் அங்குள்ள மீன் கடைகளைக் கண்டிருப்பர். கடல்மீன் எது, ஆற்றுமீன் எது, செதிள் உள்ளது எது, செதிள் அற்றது எது என்று வாங்குவோர் கேட்பர். கடைக்காரர் தயங்காமல் விடை கூறுவார். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விகளை ஒரு பேரரசன் எழுப்பினான். விடைகளைத் தொகுத்து நூலிலும் சேர்த்தான். அவனே மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன்.

பேரரசனின் மகன்

சோமேசுவரனின் தந்தை ஆறாம் விக்கிரமாதித்தன். 1076 முதல் 1126 வரை 50 ஆண்டுகள் ஆண்டவன். தன் பெயரால் ஓர் ஆண்டுக் கணக்கையே தொடங்கியவன். கல்யாணி அவனது தலைநகரம். இன்று அது கர்நாடகத்தின் வடகோடியில், பீதர் மாவட்டத்தில், பசவகல்யாண் என்னும் பெயருடன் விளங்குகிறது.

விக்கிரமாதித்தன் வீரராசேந்திர சோழனின் மகளை மணந்தவன். ஆயினும் முதற்குலோத்துங்க சோழனோடு நெடுங்காலம் போரிட்டான். அவனது அவை அறிஞர்களால் நிறைந்திருந்தது. காசுமீரத்திலிருந்து வந்த பில்கணர் அவன் வரலாற்றைக் காவியமாகப் பாடினார். விஞ்ஞானேசுவரர் மிதாட்சரம் என்னும் புகழ்பெற்ற சட்ட நூலை இயற்றினார். போர்க்களத்துக்கும் புலவர் அவைக்கும் நடுவே வளர்ந்த சோமேசுவரனை அவ்விரண்டில் அவையே மிகுதியாக ஈர்த்தது என்பதை அவனது பிற்கால வாழ்வு காட்டுகிறது.

நெருக்கடி மிகுந்த அரியணை

1126ஆம் ஆண்டில் சோமேசுவரன் முடிசூடினான். தந்தை விட்டுச்சென்ற நாடு பரந்தது. அதைக் காப்பது எளிதன்று. தெற்கே ஒய்சள மன்னன் விட்டுணுவர்த்தனன் சாளுக்கியரின் மேலாட்சியை உதறத் துடித்தான். கிழக்கே விக்கிரம சோழன் வேங்கி நாட்டில் சோழரின் செல்வாக்கை மீட்டான். சோமேசுவரன் தந்தையைப் போலப் பெருவெற்றிகள் பெறவில்லை. ஆதலால் வரலாற்றாசிரியர் சிலர் அவனை வலிமை குன்றிய மன்னனாகவே கருதுவர்.

எனினும், அவன் ஆண்ட 12 ஆண்டுகளில் செய்த ஒரு செயல் அவனது பெயரை நிலைநிறுத்தியது. எல்லாம் அறிந்த மன்னன் எனப் பொருள்படும் சர்வக்ஞபூபன் என்ற பட்டத்தையும் அவனுக்கு அச்செயலே பொருத்தமாக்கியது.

உள்ளம் மகிழ ஒரு நூல்

1130ஆம் ஆண்டை ஒட்டிச் சோமேசுவரன் வடமொழியில் மானசோல்லாசம் என்னும் நூலை இயற்றினான். உள்ளத்தின் மகிழ்ச்சி என்பது அப்பெயரின் பொருள். அந்நூலுக்கு அபிலசிதார்த்த சிந்தாமணி என்ற பெயரும் உண்டு. ஐந்து பெரும்பகுதிகள், ஒவ்வொன்றிலும் இருபது இயல்கள், ஆக மொத்தம் 100 இயல்கள். நாட்டை அடைவது எப்படி, அடைந்ததைக் காப்பது எப்படி என்று தொடங்கும் நூல், யானை, குதிரை, மணிகள், கட்டடம், ஓவியம், இசை, நடனம், விளையாட்டு எனப் பலவற்றுக்கும் விரிந்து செல்கிறது.

அரண்மனைச் சமையலறையையும் அம்மன்னன் விடவில்லை. உளுந்து மாவினால் செய்யும் இட்டரிகை என்னும் உணவை அந்நூல் கூறுகிறது. இன்றைய இட்டலியின் முன்னோர் வரிசையில் அதை வைப்பர். தோசகம் என்ற பெயரில் தோசையும் அங்கே உண்டு. மீன் சமைக்கும் முறையும் இடம்பெறுகிறது. மீனைத் துண்டாக்கிக் கழுவி, புளிச்சாற்றில் வேகவைத்து, கோதுமை மாவு தூவி, எண்ணெயில் சிவக்கப் பொரித்து, இந்துப்பும் ஏலமும் மிளகும் சேர்க்க வேண்டும். மிளகாய் இந்நாட்டுக்கு வராத காலம் அது. காரத்துக்கு மிளகே துணை.

மீன் விளையாட்டு

அந்நூலின் நான்காம் பகுதி மன்னனின் பொழுதுபோக்குகளை விளக்குவது. அதில் மத்சிய விநோதம் என்னும் இயல், தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் கலையைப் பற்றியது. கடலிலும் ஆற்றிலும் வாழும் ஏறத்தாழ 35 வகை மீன்களை அது பெயர் கூறி வகைப்படுத்துகிறது. செதிள் உள்ளவை, செதிள் அற்றவை. பெரியவை, சிறியவை என்ற பாகுபாடும் அதில் உண்டு.

எந்த மீனுக்கு எந்த இரை என்பதே அவ்வியலின் சிறந்த பகுதி. எள், மாவு, சோறு ஆகியவற்றாலான உருண்டைகளை விரும்பும் மீன்கள் உண்டு. புலாலை நாடும் மீன்களும் உண்டு. இதை அறியாமல் முள்ளில் எதையோ கோத்து எறிபவன் மாலைவரை வெறுங்கையோடு அமர்ந்திருப்பான். முன்னதாகவே நீரில் உணவிட்டு மீன்களைப் பழக்குவதையும் மன்னன் அறிந்திருந்தான்.

இத்தகைய செய்திகளை அரண்மனை மாடத்தில் அமர்ந்து அறிய இயலாது. நீரின் நிறத்தையும் மீனின் பசியையும் நாள்தோறும் காண்பவர் மீனவரே. பெயர் குறிக்கப்படாத அம்மக்களின் பட்டறிவு இல்லாமல் இந்த இயல் உருவாகியிருக்க முடியாது. எளியோர் அறிந்த கலையை நூலில் ஏற்றத்தக்க கல்வியாக மதித்தமையே சோமேசுவரனின் பெருமை.

கோலும் கயிறும் முள்ளும்

தூண்டில் எளிய கருவி போலத் தோன்றும். ஆயினும் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பணி உண்டு. கோல் வளைய வேண்டும், ஒடியக் கூடாது. மீன் திமிறி இழுக்கும்போது அந்த இழுப்பைக் கோலின் வளைவு தாங்கிக்கொள்கிறது. அதனால் கயிறு அறுவதில்லை. மிதப்பு, நீருக்கடியில் நடப்பதைக் கரையில் இருப்பவனுக்கு அறிவிக்கிறது. முள்ளின் உட்புறக் கூர், கவ்விய மீன் நழுவாமல் தடுக்கிறது.

மிதப்பு சற்றே அசைந்தவுடன் இழுப்பவன் மீனை இழப்பான். மீன் இரையைச் சுவைத்துப் பார்க்கும் நேரம் அது. மிதப்பு முழுகிச் செல்லும்போது கோலைச் சுண்ட வேண்டும். பெரிய மீன் ஓடினால் ஓடவிட்டு, அது களைத்தபின் மெல்லக் கரைக்குக் கொணர வேண்டும். வலிமையைக் காட்டிலும் காலம் அறிதலே இங்கு வெற்றி தருகிறது.

தமிழரும் இந்நுட்பத்தை உற்றுநோக்கியவர்களே. யானை வளைத்துவிட்ட பசிய மூங்கில் விரைந்து நிமிர்வதை, மீனைப் பற்றியதும் மேலெழும் தூண்டிற்கோலுக்கு ஒப்பிட்டார் சங்கப் புலவர் ஒருவர். அவ்வுவமையே அவருக்குப் பெயராயிற்று. மீனெறி தூண்டிலார் என்றே குறுந்தொகை அவரைக் குறிக்கிறது.

இங்கிலாந்தில் தூண்டிற்கலை பற்றிய முதல் அச்சு நூல் 1496இல் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற ஐசக் வால்டனின் தூண்டில் நூல் தோன்றியது 1653இல். சோமேசுவரனின் நூலோ இவற்றுள் முன்னதற்கும் 350 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

அழிந்ததும் நிலைத்ததும்

1138இல் சோமேசுவரனின் ஆட்சி முடிந்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்குள் கல்யாணி களசூரியர் கைக்குச் சென்றது. அந்நூற்றாண்டு முடியும்முன் மேலைச் சாளுக்கியப் பேரரசே மறைந்தது. அவனை எதிர்த்த ஒய்சளரும் சோழரும் பின்னர் மறைந்தனர். யாருடைய எல்லை எதுவரை என்ற பெரும்பூசல் கல்வெட்டுகளில் மட்டும் எஞ்சியது.

நூல் பிழைத்தது. ஏட்டுச்சுவடிகளில் வாழ்ந்த மானசோல்லாசத்தின் முதற்பகுதி 1925இல் பரோடாவில் அச்சேறியது. புகழ்பெற்ற மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஓரா மத்சிய விநோதத்தை ஆராய்ந்து, அதிலுள்ள மீன்கள் இன்றைய எந்த மீன்களைக் குறிக்கும் என்று ஒப்பிட்டு 1951இல் கட்டுரை வெளியிட்டார். ஒரு மன்னன் பொழுதுபோக்காக எழுதியது, பின்வந்தோருக்கு அறிவியல் சான்றாயிற்று.

இன்றைய ஆறும் இன்றைய தூண்டிலும்

கெண்டை இனத்தைச் சேர்ந்த மாசீர் என்னும் பெருமீன் காவிரியில் வாழ்கிறது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய மாசீர் ஒன்றின் எடை 120 பவுண்டு. அஃதாவது ஏறத்தாழ 54 கிலோ. பிற்காலத்தில் பீமேசுவரி போன்ற இடங்களில் பரிசலில் சென்று, கேழ்வரகு மாவு உருண்டையை இரையாக்கி இம்மீனைப் பிடித்தனர். எடை பார்த்தபின் உயிருடன் ஆற்றிலேயே விட்டனர். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்போர் பலரும் இவ்வாறே செய்வர்.

ஆயினும் அணைகளாலும், வெடி வைத்து மீன் கொல்லும் கொடுமையாலும், நீர் மாசினாலும் காவிரியின் திமில் மாசீர் பெரிதும் குறைந்துவிட்டது. 2018இல் அது உலக அளவில் மிகவும் அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. சிவாஜிநகருக்கு அருகிலுள்ள அல்சூர் ஏரியிலும் 2016இல் மீன்கள் பெருந்திரளாக இறந்து மிதந்தன.

சோமேசுவரன் தன் நாட்டு மீன்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தான்; அவை எதை உண்ணும், எங்கே வாழும் என்பதையும் அறிந்திருந்தான். பெயர் அறியாத உயிர் மறைந்தால் அதன் மறைவும் தெரியாமற் போகும். அவன் எழுதிவைத்த பட்டியலில் உள்ள மீன்கள் நம் ஆறுகளில் இன்னும் நீந்துகின்றனவா என்று பார்ப்பது இப்போது வாழ்வோரின் கடமை.

சொற்பொருள்

மேலாட்சி – பிறரைத் தனக்கு அடங்கியிருக்கச் செய்யும் ஆட்சி
பட்டறிவு – பழகிப் பெற்ற அறிவு
மிதப்பு – தூண்டிற்கயிற்றில் கட்டப்படும் தக்கை
அருகுதல் – எண்ணிக்கையில் குறைதல்

பயிற்சி

1. சோமேசுவரன் முடிசூடியபோது எதிர்கொண்ட நெருக்கடிகள் யாவை?
2. மத்சிய விநோதம் மீன்களை எவ்வாறு பாகுபடுத்துகிறது?
3. தூண்டிற்கோல் வளைவதன் பயன் யாது?
4. மீனெறி தூண்டிலார் என்னும் பெயர் அமைந்த காரணத்தை எழுதுக.
5. சோமேசுவரனை வலிமை குன்றிய மன்னன் என்பது பொருந்துமா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

பெற்றோருடன் ரசல் சந்தைக்கோ உங்கள் பகுதி மீன் கடைக்கோ செல்க. ஐந்து மீன்களின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் கேட்டு எழுதுக. அவை கடல்மீனா, ஆற்றுமீனா, செதிள் உள்ளவையா என்பதையும் குறித்து, சோமேசுவரனைப் போல் ஒரு பட்டியல் உருவாக்குக.